ஓசையற்ற தேரும் ஓயாத ஆசையும்



தசலட்சணப் பருவத்தில் உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று, ஆலய மண்டபத்தில் பற்றின்மை பற்றிச் சில சொற்கள் பேசிவிட்டு நாம் வெளியே வந்தபோது, பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஓர் ஐயத்தை எழுப்பினார். அவர் பல ஆண்டுகளுக்கு முன்பு முனிவர் ஒருவர் திருமுன் பரிக்கிரக பரிமாண விரதம் ஏற்றவர். வீடு இவ்வளவு, நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு என்று வரையறுத்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவர். அதில் "ஊர்தி ஒன்று" என்றும் ஒரு வரி உண்டு. அந்த ஒன்று, நெடுநாளாக ஓடும் ஒரு பழைய சிறு கார்.

வெளிநாட்டில் உயர்ந்த ஊதியம் பெறும் அவருடைய மகன், தந்தைக்கு விலையுயர்ந்த மின்சாரச் சொகுசுக் கார் ஒன்றை வாங்கித் தர விரும்புகிறான். "அப்பா, இதில் புகை இல்லை, ஓசை இல்லை, தோல் இருக்கையும் இல்லை. இம்சையே இல்லாத வண்டி. பழையதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். உங்கள் விரதத்திற்கு என்ன குறை?" என்பது அவன் வாதம்.

"கணக்குப்படி குறை ஒன்றும் இல்லைதான் ஐயா. ஆனால் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பது எனக்கே விளங்கவில்லை" என்றார் அவர்.

அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. இது ஒருவருடைய ஐயமாக நமக்குத் தோன்றவுமில்லை. நம் பிள்ளைகள் பலர் பொறியாளராகவும் வணிகராகவும் செல்வம் ஈட்டும் காலம் இது. "தூய்மையான பொருள்" என்ற பெயரோடு விலையுயர்ந்த பொருள் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது அதை எவ்வாறு மதிப்பிடுவது என்பது நம் இல்லங்கள் பலவற்றிற்கும் பொதுவான வினாவாகும். ஆதலின் அதனைச் சற்று ஆழ்ந்து ஆராய்வோம்.

புதுமை அன்று, பழமையே

மின்சாரத்தால் ஓடும் வண்டி நேற்றுத் தோன்றியதன்று. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியிலேயே, சக்கரத்தின் நடுவே மின்மோட்டார் பொருத்திய வண்டி காட்சிக்கு வைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஃபெர்டினாண்டு போர்ஷே. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்த ஹைப்ரிட் வண்டியையும் அவர் அக்காலத்திலேயே செய்து பார்த்தார். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான சார்லஸ் ரோல்ஸ், மின்வண்டி ஓசையும் நாற்றமும் அற்றது என்றும், மின்னேற்றும் நிலையங்கள் ஆங்காங்கே அமையுமாயின் மிகவும் பயன்படும் என்றும் 1900-லேயே கருத்துரைத்தார்.

பெட்ரோல் வண்டியைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருந்த வரையில், செல்வர் இல்லத்துப் பெண்டிர் மின்வண்டியையே விரும்பினர். 1912-இல் காடிலாக் என்னும் சொகுசு வண்டியில் மின்சாரக் கிளப்பி பொருத்தப்பட்டது. அதன்பின் பெட்ரோல் வண்டியும் எளிதாகிவிட்டது. மின்வண்டி மெல்ல மறைந்தது. ஒரு சொகுசு மின்வண்டியை அழித்தது. ஒரு நூற்றாண்டு கழித்து மற்றொரு சொகுசு அதனை மீட்டுக் கொண்டுவந்தது. உலகியலின் சுழற்சி இத்தகையது!

1997 இறுதியில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்து ஹைப்ரிட் வண்டியைப் பொதுமக்களிடம் சேர்த்தது. 2005-இல் லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் அதனைச் சொகுசு வகுப்பிற்கு ஏற்றியது. 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ், மின்வண்டி என்றால் எளிய வண்டி என்ற எண்ணத்தையே மாற்றிவிட்டது. 2023-இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே ஸ்பெக்டர் என்னும் முழு மின்வண்டியை உரிமையாளர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியது. சார்லஸ் ரோல்ஸ் சொன்னது 123 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நிறுவனத்திலேயே நிறைவேறிற்று.

எடுத்த விரதமும் விடுத்த விரதமும்

இடையில் சொகுசு வண்டி செய்வோர் பெரும் உறுதிமொழிகளை அறிவித்தனர். பென்ட்லி 2020-இலும், மெர்சிடிஸ் பென்ஸ், வால்வோ ஆகியவை 2021-இலும், 2030-ஆம் ஆண்டோடு முற்றிலும் மின்வண்டிக்கே மாறிவிடுவோம் என்றன. மெர்சிடிஸ் மட்டும் "சந்தை இடங்கொடுக்கும் இடங்களில்" என்ற தளர்வைச் சேர்த்துக்கொண்டது. 2024-ஆம் ஆண்டிலோ இம்மூன்றும் தம் சொல்லைத் தளர்த்திவிட்டன. பென்ட்லி தன் எல்லையை 2035-க்குத் தள்ளியது. வால்வோ, ஹைப்ரிட் வண்டிகளுக்கும் இடம் உண்டு என்றது. மெர்சிடிஸ், பெட்ரோல் எஞ்சினையும் தொடர்வதாகக் கூறிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2035-க்குப் பின் புகை உமிழும் புதிய காரே கூடாது என 2023-இல் சட்டம் இயற்றியது. 2025 டிசம்பரிலோ, அதனைத் தளர்த்தி 90 விழுக்காடு குறைத்தால் போதும் என்னும் முன்மொழிவை அதன் ஆணையமே வைத்தது.

இதனால் நாம் அறிவது யாது? சொகுசு வண்டியின் எதிர்காலம் ஒரே பாதையில் செல்லவில்லை. முழு மின்வண்டியும், வீட்டில் மின்னேற்றும் ஹைப்ரிட்டும், தானே மின்னாக்கும் எளிய ஹைப்ரிட்டும் இன்னும் பல்லாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். வாங்குவோர் விருப்பத்தின்மேல் நிற்கும் உறுதிமொழி, அவ்விருப்பம் மாறியவுடன் மாறும். ஆகவே அறத்தைத் தொழிற்சாலைகளின் அறிவிப்பிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் இயலாது. விரதம் என்பது ஏற்பவனுக்கு உரியது. விற்பவன் அதனை நமக்காக ஏற்க முடியாது.

முதற் பார்வை: தீயின் கணக்கு

அநேகாந்த நெறியில் வந்த நாம், ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் பார்த்து முடிவு கட்டுதல் தகாது. முதலில் மகனுடைய பக்கத்தைப் பார்ப்போம்.

பன்னிரண்டு உருளைகள் கொண்ட பெரிய பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீ மூள்கிறது. அதாவது நிமிடத்திற்கு 12,000 முறை. ஒரு மணி நேரப் பயணத்தில் 7,20,000 முறை. தீயையே உடலாகக் கொண்ட தேஜஸ்காயிக உயிர்கள் உண்டு என்று கொள்ளும் நம் ஆகமத்தைக் கற்றவருக்கு இவ்வெண்ணிக்கை நடுக்கம் தரத்தக்கது. அவ்வாறு எரித்த எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் சக்கரத்தை எட்டுவதில்லை. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது.

மின்மோட்டாரில் இத்தகைய தீ இல்லை. பெற்ற ஆற்றலின் பெரும்பகுதி இயக்கமாக மாறுகிறது. வேகத்தைக் குறைக்கும்போதுகூட ஆற்றலை மீண்டும் மின்கலத்திற்கே அனுப்புகிறது. தெருவில் நடப்போர் மூக்கில் புகை ஏறுவதில்லை. மின்சாரமே உயிருடைய தீயா அன்றா என்பது பற்றி, ஒலிபெருக்கி வந்த காலத்தில் துறவியர் குழாங்களிடையே நீண்ட வாதம் நிகழ்ந்ததை நாம் அறிவோம். அவ்வாதத்தில் எப்பக்கம் நின்றாலும், பெட்ரோல் எஞ்சினைவிட மின்மோட்டாரில் நேரடித் தீ குறைவு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக எவ்வளவு நிலம் அகழப்பட்டுள்ளது என்பதை அவ்வழியே செல்வோர் கண்ணாரக் காணலாம். வண்டியின் பின்புறத்துப் புகை, அனல்மின் நிலையத்தின் உச்சிக்கு இடம் மாறியிருக்கிறது. சர்வதேசத் தூய போக்குவரத்து மன்றம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, செய்வது முதல் கழிப்பது வரையிலான முழு வாழ்நாளையும் கணக்கிட்டது. அதன்படி நடுத்தர அளவுள்ள மின்கார், பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 விழுக்காடும், இந்தியாவில் 19 முதல் 34 விழுக்காடும் குறைவாகவே சூழலை வெப்பமாக்கும். குறைவு என்பது உண்மை. "இல்லை" என்பது உண்மையன்று. இம்சை குறைந்த வண்டி என்று மகன் சொல்லியிருந்தால் நாமும் உடன்பட்டிருப்போம். இம்சையே இல்லாத வண்டி என்பது வணிக விளம்பரத்தின் மொழி.

இரண்டாம் பார்வை: மண்ணும் நீரும்

பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைத் தொகுத்துள்ளார். தீ மூட்டிக் கரி சுடுதல், வண்டி செய்து விற்றல், நிலத்தையும் கல்லையும் பிளத்தல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய மின்கலத்தின் பிறப்பைப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது.

மின்கலத்திற்கு லித்தியம் வேண்டும். சிலி நாட்டின் அட்டகாமா உப்புச் சமவெளியில், நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பரந்த பாத்திகளில் தேக்கி, ஓராண்டுக்கு மேலாக வெயிலில் வற்றவிட்டு லித்தியத்தைப் பிரிக்கின்றனர். அது உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்று. அங்குள்ள உவர் ஏரிகளில் பூநாரைகள் வாழ்கின்றன. ஆஸ்திரேலியாவில் பாறையைப் பிளந்து அதே லித்தியத்தை எடுக்கின்றனர். ஓரிடத்தில் நீர்நிலை வற்றுகிறது, மற்றோரிடத்தில் கல் பிளக்கிறது.

கோபால்ட் என்னும் உலோகத்தின் கதை இன்னும் கொடியது. உலகில் அகழப்படும் கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கொல்வேசி வட்டாரத்தில் பெரிய சுரங்கங்களோடு, ஏழை மக்கள் கைக்கருவிகளால் தோண்டும் குழிகளும் உள்ளன. அவற்றில் சிறுவர்களும் வேலை செய்வதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் வெளியிட்ட அறிக்கை உலகறியச் செய்தது. இங்கே நாம் பேசுவது ஓரறிவு உயிரைப் பற்றியன்று. பள்ளியில் இருக்க வேண்டிய ஐம்பொறியும் மனமும் உடைய மனிதக் குழந்தையைப் பற்றி.

நாமோ அக்குழியைத் தோண்டவில்லை, தோண்டச் சொல்லவுமில்லை என்று கூறலாம். ஆனால் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்பது நம் நெறி. அறியாமல் வாங்குபவனுக்கும் அறிந்தபின் வாங்குபவனுக்கும் வேறுபாடு உண்டு. அறிந்தபின் வாளா வாங்குதல் உடன்பாடேயாகும்.

பெட்ரோலிய எண்ணெயை எடுப்பதிலும் கடலும் நிலமும் பாழாகின்றன, அதற்காகப் போர்களும் நிகழ்ந்தன என்று மகன் திருப்பிக் கேட்பானாயின் அவன் கேள்வி நியாயமே. எண்ணெயை ஒவ்வொரு நாளும் எரித்துத் தீர்க்க வேண்டும். மின்கலத்து உலோகமோ வண்டி அழிந்தபின்னும் அழிவதில்லை, பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். கோபால்ட்டும் நிக்கலும் சேராத இரும்பு பாஸ்பேட் மின்கலங்களும் இன்று பெருகிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதி, 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்கார் மின்கலத்திற்கும் அதன் பிறப்பு வரலாற்றைக் கூறும் ஒரு சான்றேடு வேண்டும் என்கிறது. ஒரு பொருள் எங்கே, எவர் கையால் பிறந்தது என்று கேட்கும் பழக்கம் நம் சமையலறைகளில் நெடுங்காலமாக உள்ளது. அது இப்போது தொழிற்சாலைக்கும் போகிறது. இது மகிழத்தக்கதே.

நோன்பு நோற்கும் ஹைப்ரிட்

மின்னேற்றும் ஹைப்ரிட் வண்டி இரு வாய் உடையது. ஒரு வாயால் மின்சாரம் கொள்ளும், மற்றொன்றால் பெட்ரோல் அருந்தும். நகருக்குள் மின்சாரத்தில், நெடும்பயணத்தில் பெட்ரோலில் என்பது அதன் கருத்து. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது மிகக் குறைந்த புகையே காட்டிற்று. ஆயின் ஐரோப்பிய ஆணையம், 2021-இல் பதிவான வண்டிகள் சாலையில் உண்மையாக உண்ட எரிபொருளைத் திரட்டி 2024-இல் அறிக்கை வெளியிட்டது. உண்மைப் புகை, ஆய்வுக்கூடக் கணக்கைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு! காரணம் எளியது. பலர் எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றவே இல்லை. வரிச்சலுகை பெற்றுக்கொண்டு பெட்ரோலிலேயே ஓட்டினர்.

உபவாசம் என்று பெயர் கொடுத்துவிட்டு உள்ளறையில் உண்பவனை நாம் என்னென்று சொல்வோம்? குறை வண்டியில் இல்லை. அதில் நோன்புக்கான வசதி இருந்தது, நோற்பதற்கு உரிய மனம் ஓட்டுபவனிடம் இல்லை. கருவி எத்துணைத் தூயதாயினும், கடைப்பிடிப்பவன் இன்றேல் பயனில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இருக்கையில் ஒளிந்திருக்கும் உயிர்

நம் குடும்பத்தார் சொகுசுக் கார் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி எஞ்சினைப் பற்றியதன்று, இருக்கையைப் பற்றியது. புகை இல்லாத வண்டியிலும் பல மாடுகளின் தோல் போர்த்தியிருக்கலாம். இரவு உணவையே நீத்த குடும்பம் ஒன்று, தோல் மீது அமர்ந்து ஆலயத்திற்குச் செல்லுதல் பொருந்துமா? தோல் இறைச்சித் தொழிலின் எச்சந்தானே என்பர் சிலர். எச்சத்திற்கும் விலை உண்டு. அவ்விலையும் சேர்ந்தே அவ்வுயிரின் மேல் வைக்கப்படுகிறது.

உயர்வுக்குத் தோல் இன்றியமையாதது என்பதும் பொய். மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில், மழையும் வெயிலும் படும் முன்னிருக்கையில் ஓட்டுநருக்கே தோல் போட்டனர். பின்னே அமர்ந்த முதலாளியின் இருக்கை மெல்லிய துணியால் ஆனது. ஜப்பானியப் பெருமக்கள் செல்லும் டொயோட்டா செஞ்சுரி 2018-ஆம் ஆண்டு முதல் ஹைப்ரிட்டாக ஓடுகிறது. அதன் இயல்பான இருக்கை கம்பளித் துணியே. கேட்பவருக்குத்தான் தோல். தன் முழு மின்வண்டிகள் அனைத்திலும் தோலை விலக்குவதாக வால்வோ 2021-இல் அறிவித்தது. டெஸ்லாவும் தோல் இருக்கையைக் கைவிட்டது. ஆயினும் எல்லா மின்வண்டியும் தோலற்றது என்று எண்ணிவிடலாகாது. பல சொகுசு மின்வண்டிகளில் இன்றும் தோல் உண்டு. இருக்கை துணியாயினும் சுழற்றும் சக்கரத்தில் தோல் இருக்கலாம். கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

ஓசை பற்றியும் ஒரு சொல். ஓசையின்மை உள்ளே அமர்ந்தவனுக்குச் சுகம். தெருவில் செல்லும் கண் தெரியாதவருக்கும், குறுக்கே ஓடும் நாய்க்கும் அதுவே ஆபத்து. அதனால்தான் ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் புதிய மின்வண்டிகள் யாவும் மெதுவாகச் செல்லும்போது செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என விதித்துள்ளனர். நான்கு முழம் முன்னே நிலம் பார்த்து நடக்கும் முனிவரின் ஈர்யா சமிதியை நாம் முழுமையாகக் கைக்கொள்ள இயலாது. வேகத்தைக் குறைத்து, இரவுப் பயணத்தைத் தவிர்த்து, கண்ணாடியில் மோதி மாயும் பூச்சிகளையேனும் குறைக்கலாமன்றோ? இதில் மின்வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் வேற்றுமை இல்லை.

எடையே சொல்லும் உண்மை

இப்போது வினாவின் கருவுக்கு வருகிறோம். சிறு வண்டியை மின்மயமாக்குவது ஒன்று. சொகுசு வண்டியை மின்மயமாக்குவது மற்றொன்று.

ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பெக்டரின் எடை ஏறத்தாழ 2,900 கிலோ. அதில் மின்கலம் மட்டும் ஏறத்தாழ 700 கிலோ. ஒரு மனிதரைச் சுமக்க நாற்பது மனிதர் எடையுள்ள தேர்! அமெரிக்காவில் செய்யப்படும் ஹம்மர் மின்வண்டி 4,000 கிலோவைத் தாண்டுகிறது. 2024-இல் ஹைப்ரிட்டாக மாறிய பிஎம்டபிள்யூ எம்5 வண்டி, தன் முன்னோனைவிட 400 கிலோவுக்கு மேல் பருத்துவிட்டது. எடை கூடக் கூட டயர் தேய்ந்து உதிரும் துகளும் கூடும், சாலையும் தேயும், மின்சாரமும் மிகுதியாக வேண்டும்.

மற்றொரு கணக்கும் உண்டு. ஸ்பெக்டரின் மின்கலம் 102 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. நம் நாட்டில் ஓடும் டாடா டியாகோ மின்காரின் பெரிய மின்கலம் 24. மகிந்திரா ட்ரியோ மின் ஆட்டோவின் மின்கலம் 7.37. பிரியஸ் போன்ற எளிய ஹைப்ரிட்டில் முன்பு இருந்தது 1.3 மட்டுமே. அதாவது ஒரு செல்வர் தனியே அமர்ந்து செல்லும் வண்டிக்கு வேண்டிய மின்கலக் கொள்ளளவைக் கொண்டு, நான்கு குடும்பங்களுக்குச் சிறு கார் செய்யலாம். அன்றி, பதின்மூன்று ஏழைத் தொழிலாளருக்கு மின் ஆட்டோ செய்யலாம். அன்றி, எழுபதுக்கு மேற்பட்ட ஹைப்ரிட் வண்டிகளின் பெட்ரோல் செலவைக் குறைக்கலாம். பூமியைப் பிளந்து, நீரை வற்றச் செய்து, குழந்தையின் வியர்வையும் கலந்து வந்த உலோகத்தில் பெரும்பங்கை ஒருவரே எடுத்துக்கொள்வது, அவர் எவ்வளவு நல்லவராயினும், பகிர்வு ஆகாது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பொருள் வரையறை விரதத்தின் குற்றங்கள் என ஐந்தைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவதே ஊர்தி பற்றியது! அதிவாகனம் என்பது அதன் பெயர். வேண்டிய அளவுக்கு மேல் ஊர்தி வைத்திருத்தலும், ஊர்தியை அளவுக்கு மீறிச் செலுத்துதலும் எனப் பொருள் விரிப்பர். ஏனையவை மிகையாகச் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், பேராசை, மிகையாகச் சுமையேற்றல் என்பன. மேலும் அவர், பயனின்றி நிலம் தோண்டுதல், பயனின்றித் தீ மூட்டுதல் ஆகியவற்றோடு பயனின்றித் திரிதலையும், பிறரைத் திரியச் செய்தலையும் அநர்த்த தண்டத்தில் சேர்த்துள்ளார். இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்னும் திக்விரதமும் உண்டு. நம் முன்னோர் ஊர்தியின் இயல்பை மட்டும் கேட்கவில்லை. எத்தனை, எவ்வளவு தொலைவு, எதற்காக என்றே கேட்டனர். எரிபொருளை மாற்றினால் இம்மூன்று கேள்விகளும் மறைந்துவிடுமா?

ஒரு நியாயமான மறுப்பு

"செல்வர் வாங்காவிட்டால் புதுமை எவ்வாறு பிழைக்கும்? டெஸ்லா 2008-இல் விலையுயர்ந்த ரோட்ஸ்டரை விற்றது. அதன் துணையால் 2012-இல் மாடல் எஸ், பின்னர் 2017-இல் அதனினும் விலை குறைந்த மாடல் 3 வந்தன. பணக்காரர் கொடுத்த விலையே பிறருக்கு வழி திறந்தது" என்று அறிவுடைய இளைஞர் கூறலாம். இது உண்மை. நம் தொண்டை நாட்டிலேயே இதன் பயன் தெரிகிறது. 2025 தொடக்கத்தில் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் மின்கார் ஒன்றைச் சென்னை ஆலையில் கட்டத் தொடங்கியது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குச் செல்வர். அது அவர்களுடைய இல்லறக் கடமையின்பாற்பட்ட தொழில். அதில் நேரும் உத்தியோகி இம்சையைக் குறைக்க முயல்வதே அவர்கள் அறம். கோபால்ட் வேண்டாத மின்கலத்தையும், தோல் வேண்டாத இருக்கையையும், எடை குறைந்த வண்டியையும் ஆக்குவதற்கு ஒரு சமணப் பொறியாளன் உழைப்பானாயின், அது சிறிய தொண்டன்று.

ஆனால் உலகுக்கு நேரும் நற்பயன் வேறு, வாங்குபவன் உள்ளத்தில் எழும் பாவம் வேறு. இங்கே பாவம் என்றது மனோபாவத்தை. விருப்பு வெறுப்புகள் எழுவதே இம்சை என்று புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் தெளிவுறுத்துகிறார். பெருமைக்காக வாங்கிய ஒன்று பிறருக்குப் பயன்பட்டதால், வாங்கியவன் பெருமை பற்றின்மை ஆகிவிடாது. உலகைக் காப்பதற்காகவே வாங்கினேன் என்பவர், அதே தொகையில் எளிய மின்காரை வாங்கி எஞ்சியதைத் தானம் செய்திருக்கலாமே என்று தம்மையே கேட்டுப் பார்க்கட்டும். விடை அவர் நெஞ்சுக்குத் தெரியும்.

பெரியவரின் விடை

சில வாரங்கள் கழித்து நாம் அப்பெரியவரைக் காணச் சென்றோம். மேற்கூறியவற்றையெல்லாம் எடுத்துரைக்கும் எண்ணத்தோடுதான் சென்றோம். அவரோ நமக்கு முன்பே விடை கண்டிருந்தார்.

"மனம் ஏன் ஒப்பவில்லை என்று தினமும் சாமாயிகத்தில் அமர்ந்து பார்த்தேன். அந்த வண்டி வாசலில் நின்றால் ஊரார் வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் உள்ளே ஒரு மகிழ்ச்சி எழுந்தது. அந்த மகிழ்ச்சியைக் கண்டுதான் அஞ்சினேன் என்பது பிறகு விளங்கிற்று. வண்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை" என்றார்.

நாம் மறுமொழி கூறவில்லை. நூல் பல புரட்டி நாம் தேடியதை அவர் தம் நெஞ்சைப் புரட்டிக் கண்டுவிட்டார். பிறர் செல்வத்தைக் கண்டு நாம் வியப்பது குற்றமெனில், நம் செல்வத்தைக் கண்டு பிறர் வியக்க வேண்டும் என விரும்புவதும் அதன் மறுபக்கமே.

அவர் குறிப்பேட்டைத் திறந்து "ஊர்தி ஒன்று" என்ற வரியின் கீழ் மேலும் சில வரிகளை எழுதியிருந்தார். பழைய கார் ஓடும் வரையில் ஓடட்டும். அது ஓய்ந்தால், தோலில்லாத சிறிய மின்கார். மாதத்திற்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் இல்லை. பேருந்து செல்லும் இடத்திற்குப் பேருந்து. மகன் முதலில் வருந்தினான். "அப்பா, நான் உங்களுக்கு ஒன்றும் செய்யக் கூடாதா?" என்று கேட்டானாம். "செய். நான் வாங்க மறுத்த தொகையில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடு. மறுபகுதியை நீ வைத்துக்கொள், ஆனால் நீயும் ஒரு குறிப்பேடு வாங்கு" என்றாராம் தந்தை. மகன் குறிப்பேடு வாங்கினானா என்பதை நாம் கேட்கவில்லை. அது அவனுடைய விரதம்.

அன்பர்களே! மின்வண்டி தீது என்று நாம் கூற வரவில்லை. ஊர்தி வேண்டியவர், புகை குறைந்ததை, எடை குறைந்ததை, தோலற்றதை, கோபால்ட் அற்றதைத் தேர்ந்துகொள்க. ஹைப்ரிட் வாங்கியவர் தவறாது மின்னேற்றுக. கூரையில் சூரிய ஒளித்தகடு அமைக்க வல்லார் அமைக்க. இவை யாவும் நன்றே. ஆயினும் வாங்குவதற்கு முன் ஒரு நாழிகை அமர்ந்து, "இது என் தேவையைச் சுமக்கப் போகிறதா, என் பெருமையைச் சுமக்கப் போகிறதா?" என்று கேட்டுக்கொள்வோம். பெருமையின் எடைக்கு ஈடான மின்கலத்தை எந்த நாட்டுத் தொழிற்சாலையும் இன்னும் செய்யவில்லை.

வரையறை இல்லாத தூய்மை விளம்பரமாக முடியும். வரையறையோடு கூடிய எளிமையே அறமாகும். சிந்திப்போம், ஆளுக்கொரு குறிப்பேடு தொடங்குவோம்.

அறம் வெல்க! அனைத்துயிரும் இன்புறுக!